சதுப்புக்கு ஒரு 17பி

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டதை வானிலை ஆய்வு மையம் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. எதிர்வீட்டுக்காரர் லுங்கியோடு இறங்கி வந்து, காரை ரிவர்ஸ் எடுத்து, வேளச்சேரி மேம்பாலத்தைப் பார்த்துக் கிளம்பினால் ஆரஞ்சு அலர்ட். அவரைத் திருப்பிக் கூட்டிவர அவர் மனைவி பின்னாலேயே ஸ்கூட்டரில் போனால் ரெட் அலர்ட். 2024 அக்டோபரில் இந்தக் காட்சியை நாடே டிவியில் பார்த்துச் சிரித்தது. பாலத்தின் ஓரமெல்லாம் வரிசையாகக் கார்கள், பாதிக்கு மேல் இ.எம்.ஐ. முடியாதவை. அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது, இல்லவே இல்லை என்று போலீஸ் மறுப்பும் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அடைமழைக்கு முதல் நாள் காரைக் காப்பாற்றப் பாலத்து முதுகில் ஏறுகிறானே, இவன் வீடு எதன்மேல் நிற்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

என் வீடும் அதன்மேல்தான் நிற்கிறது. அதனால் எனக்குத் தெரியும்.

2011இல் ஒரு சித்திரை மாதம் இந்தத் தரைத்தள ஃப்ளாட்டைப் பார்க்க வந்தோம். வெளியே அனல். புரோக்கர் பின்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். மஞ்சளடித்த கோரை, அதற்கப்பால் துண்டாய்ப் பளபளக்கும் தண்ணீர், நாலைந்து வெள்ளைப் பறவைகள். “காத்தைப் பாருங்க சார். ஏசியே வேணாம். லேக் வியூ இது. இதுக்கே சதுர அடிக்கு நூறு ரூபா சேத்துக் கேக்கலாம்.” என் மனைவிக்குச் சந்தேகம். “மழைக்காலத்துல தண்ணி நிக்குமா?” அவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: “வீட்டுல எங்கம்மா நிக்கும்? ரோட்டுலதான் நிக்கும்.”

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ரோடு வீட்டுக்குள் வரும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார். 2015 டிசம்பர் 2ஆம் தேதி விடிகாலை எங்கள் ஃப்ரிட்ஜ் மெல்ல மல்லாந்து, சமையலறையிலிருந்து மிதந்து வந்து ஹால் கதவைத் தட்டியது. லேக் வியூவுக்குக் கூடுதல் பணம் கொடுத்திருந்தோம் அல்லவா, அன்றைக்கு லேக்கே நேரில் வந்து கணக்கைத் தீர்த்துவிட்டுப் போயிற்று.

அன்று காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். வானத்தைக் குறை சொல்வது எளிது, சொன்னோம். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தவர்களைச் சொன்னோம், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் எங்கள் பக்கம் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் காரணமில்லை. அந்தத் தண்ணீர் அடையாற்றில் போவது. எங்கள் வீட்டுக்கு வந்தது செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி கைமாறி, காலங்காலமாகப் பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு, அதாவது சதுப்புநிலத்துக்கு, போய்ச் சேரும் தண்ணீர். அது தன் விலாசத்துக்குத்தான் வந்தது. விலாசத்தில் நான் குடியிருந்தேன்.

இந்தக் கழுவெளி விஷயத்தில் அரசுக்கு ஓர் உதவி செய்யலாம் என்று நினைக்கிறேன். அரசு ஊழியர் வீட்டில் பிறந்தவர்களுக்கு 17ஏ, 17பி என்ற ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணைகள் தெரியும். 17ஏ சின்னது, இன்கிரிமென்டோடு போய்விடும். 17பி வந்தால் ஆள் தூங்கமாட்டார். பள்ளிக்கரணைச் சதுப்புக்கு ஒரு 17பி குறிப்பாணை பாக்கியிருக்கிறது. வரைவு கீழே. தட்டச்சுப் பிழை இருந்தால் பிரிவு அலுவலர் திருத்திக்கொள்ளவும்.

குற்றச்சாட்டு 1: மேற்படி சதுப்பு, சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழைநீரை எந்த மேலதிகாரியின் உத்தரவும் இன்றிப் பெற்று, தன்வசம் வைத்திருந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் தன் இஷ்டம்போல் மெதுமெதுவாக அனுப்பி வந்துள்ளது. இப்பணிக்கு டெண்டர் கோரப்படவில்லை. ஒப்பந்ததாரர் இல்லை. அளவுப் புத்தகத்தில் எதுவும் பதியப்படவில்லை. நாளது தேதிவரை ஒரு ரூபாய்க்கும் பில் வரவில்லை. பில் வராத வேலையில் யாருக்கும் எதுவும் கிடைக்க வழியில்லை என்பதால் இது கடமை தவறிய செயலாகும்.

குற்றச்சாட்டு 2: பதுக்கல். கோரையும் நாணலும் செத்தால் மக்கிக் காற்றோடு போவது உலக வழக்கம். மேற்படி சதுப்போ, காற்றுப் புகாத தன் சேற்றில் அவற்றை அமுக்கி வைத்து, அவை காற்றிலிருந்து இழுத்த கரியை வெளியே விடாமல் நூற்றாண்டுக் கணக்கில் பூட்டி வைத்துள்ளது. இதன் உறவினரான அலையாத்திக் காடுகள், அதே பரப்புள்ள நிலத்துக் காட்டைப்போல் மூன்று நான்கு மடங்கு கரியைச் சேற்றோடு சேர்த்துப் பதுக்குவதாகத் தெரியவருகிறது. கரியைக் குறைக்க உலக நாடுகள் ஆண்டுதோறும் விமானமேறிப் போய் மாநாடு கூட்டும் வேளையில், ஒரு சேறு அதைச் சும்மா இருந்தபடியே செய்வது அவமதிப்பாகும்.

குற்றச்சாட்டு 3 என்று எழுதப்போனபோதுதான் உறைத்தது. விசாரணைக்கு முன்னாலேயே தண்டனை கொடுத்தாகிவிட்டதே!

1960களில் இந்தக் கழுவெளி 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்தது என்பார்கள். உலகச் சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியபோது எழுதிய பரப்பு 1,248 ஹெக்டேர். மிச்சத்தில் நாம் இருக்கிறோம். தண்டனை அதோடு முடியவில்லை. 1980களிலிருந்து மாநகராட்சி பெருங்குடிப் பக்கம் குப்பையைக் கொண்டுவந்து கொட்டியது. கொட்டியது என்றால் லாரி லாரியாக, இரவு பகலாக, ஒரு தலைமுறைக்கு. தண்ணீர் நிற்க வேண்டிய பள்ளத்தில் குப்பை மேடாக நின்றது. கரியைப் பூட்டி வைத்திருந்த சேற்றின் தலையில், மீத்தேன் கக்கும் மலையை ஏற்றி வைத்தோம். 2022 ஏப்ரல் கடைசியில் அந்த மலை பற்றிக்கொண்டு நாள்கணக்கில் எரிந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு இருமினோம். சரியாக மூன்றாவது மாதம், ஜூலையில், பள்ளிக்கரணை சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்று ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. புகை அடங்கியதும் பொன்னாடை. மருமகளைக் கொளுத்திவிட்டு, கருமாதியில் அவள் சமையலைப் புகழ்ந்த குடும்பங்கள் நமக்குப் புதிதா என்ன?

அந்தப் பக்கம் வேலை நிமித்தம் போகிறவர்கள் ஒரு விநோதத்தைக் கவனிக்கலாம். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் போனால் கடலை ஆராயும் தேசிய நிறுவனம் வருகிறது. காற்றின் ஆற்றலை ஆராயும் தேசிய நிறுவனமும் அதே சாலையில்தான். இரண்டும் சதுப்பின் மடியில். பறக்கும் ரயிலுக்குப் பெருங்குடியில் நிலையம், அதுவும் அங்கேயே. ரயிலின் தூண்களோ பக்கிங்காம் கால்வாய்க்குள் இறங்கி, தண்ணீர் போகிற வழியில் காலூன்றி நிற்கின்றன. கடலுக்கு ஓர் அலுவலகம், காற்றுக்கு ஓர் அலுவலகம், ரயிலுக்கு ஒரு நிலையம் எல்லாம் இருக்கிறது. தண்ணீருக்குத்தான் இருக்க இடமில்லை. காலநிலை மாற்றத்தை அளக்க அங்குள்ள விஞ்ஞானிகள் அண்டார்டிகா போகத் தேவையில்லை. டிசம்பரில் ஜன்னலைத் திறந்து காலை வெளியே தொங்கப்போட்டால் போதும், எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும்.

சதுப்பு என்ன செய்துகொண்டிருந்தது என்பது புரிய ஒரு புயல் நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை தட்டையான ஊர். மழை வரும் அதே நேரத்தில் புயல் கடலையும் கிளப்பிக்கொண்டு வரும். கடல் பொங்கி நிற்கும்போது முகத்துவாரம் தண்ணீரை வாங்காது, எதிர்த்துத் தள்ளும். அந்தச் சில மணி நேரம் தண்ணீர் எங்காவது காத்திருக்க வேண்டும், பஸ் ஸ்டாண்டில் பயணி காத்திருப்பதுபோல. கழுவெளிதான் அந்த பஸ் ஸ்டாண்ட். கடல் இறங்கியதும் மடுவு வழியே வழியனுப்பி வைக்கும். கடல் உப்பு நிலத்தடிக்குள் ஏறாமல் நல்ல தண்ணீரை ஊறவைத்துத் தடுப்பது அதன் ஓவர்டைம் வேலை. பஸ் ஸ்டாண்டை இடித்து மால் கட்டினால் பயணிகள் எங்கே போவார்கள்? எங்கள் ஹாலுக்குத்தான்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது இதுதான் நடந்தது. வானத்தில் தண்ணீர், கடலிலும் தண்ணீர், நடுவில் நாங்கள். அந்த வாரம் ஊர் முழுக்க ஒரே கேள்வி: மழைநீர் வடிகாலுக்கு 4,000 கோடி என்றீர்களே, எங்கே? கேட்டது சரியான கேள்விதான், கேட்ட எதிர்க்கட்சி தன் காலத்தில் என்ன செய்தது என்பதையும் சேர்த்துக் கேட்டிருந்தால். எந்தக் கழகம் கோட்டையில் இருந்தாலும் கழுவெளியில் லாரி மண் கொட்டுவது நின்றதில்லை. கொடி மாறும், ஜல்லி ஒன்றே. ஆனால் என் கோபம் வேறு. அந்தக் கான்கிரீட் வாய்க்கால் முழுதாக முடிந்திருந்தாலும் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்? கீழ்முனையில் கழுவெளி இல்லையென்றால் வடிகால் என்பது வெள்ளத்தை அடுத்த தெருவுக்கு அனுப்பும் கூரியர் சர்வீஸ். கடலை வற்றச் சொல்லி யாருக்கும் வொர்க் ஆர்டர் கொடுக்க முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் என்னைப்போன்ற இ.எம்.ஐ. வர்க்கத்தின் புலம்பல். எங்களுக்காவது மேம்பாலம் இருக்கிறது. இனி சொல்லப்போவதில் சிரிக்க எதுவும் இல்லை.

2015 வெள்ளம் வடிந்ததும் அரசுக்கு ஞானோதயம் வந்தது. ஆற்றோரம் ஆக்கிரமிப்பு, அதுதான் வெள்ளத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அடையாற்றங்கரையிலும் கூவங்கரையிலும் தகரமும் தார்ப்பாயுமாய் இருந்தவர்களின் வீடுகளுக்குப் புல்டோசர் வந்தது. ஆற்றங்கரையில் எழும்பியிருந்த பெரிய கட்டடங்களின் பக்கம் அது திரும்பவில்லை. அதற்கு டீசல் போதவில்லை போலிருக்கிறது. வீட்டு வேலை, சித்தாள் வேலை, பூக்கட்டு, மீன்கூடை என்று நடந்துபோகும் தூரத்தில் பிழைத்துக்கொண்டிருந்தவர்களை, பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகளோடு ஏற்றினார்கள். “உங்களை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம்” என்றார்கள். கொண்டுபோய் இறக்கிய இடம் எது? பெரும்பாக்கம். அதற்கு முன்பே இப்படி ஏற்றி இறக்கப்பட்டவர்கள் இருந்த இடங்கள் செம்மஞ்சேரியும் கண்ணகி நகரும். மூன்றுமே அந்தக் கழுவெளியின் ஓரத்திலும் அதன் தண்ணீர் வழியிலும் இருப்பவை. ஆற்றில் முழுகக்கூடாது, சதுப்பில் முழுகலாம் என்பது கொள்கை முடிவு. பெருமழை வந்தால் செம்மஞ்சேரித் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும். அங்கிருந்து எங்கள் தெருவுக்குப் பாத்திரம் கழுவ வரும் அக்கா, புயலுக்கு மறுநாள் இரண்டு பஸ் மாறி வந்து எங்கள் வீட்டுச் சேற்றைத் தள்ளிக் கழுவினார். அவர் வீட்டுச் சேறு அப்படியே கிடந்தது. “ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க அக்கா” என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். “லீவு எடுத்தா நாலு வீட்ல சம்பளம் பிடிப்பாங்க சார்” என்றார். நான் ஃப்ரிட்ஜுக்கு இன்சூரன்ஸ் வாங்கிக்கொண்டிருந்தேன்.

வடக்கே எண்ணூரில் வேலை இன்னும் நேர்த்தி. பள்ளிக்கரணையில் மண்ணைக் கொட்டி அழித்தார்கள், எண்ணூரில் ரப்பரால் அழித்தார்கள். 1996இல் ஒப்புதலான கடலோர மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருந்தது. அலை ஏறி இறங்கும் நீர்ப்பகுதி, கை வைக்கக்கூடாது என்று குறித்திருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்கு 1997ஆம் ஆண்டுக்குரியது என்று இன்னொரு வரைபடம் பிறகு கிடைத்தது. அதில் கழிமுகம் இல்லை. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் நீர் காணாமல் போயிருந்தது. 2017இல் விஷயம் வெளியே வந்து நாறும்வரை அங்கே வலை வீசியவர்கள், காகிதத்தின்படி, தரையில் படகு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கிணற்றைக் காணவில்லை என்று சினிமாவில் வடிவேலு புகார் கொடுத்தபோது விழுந்து விழுந்து சிரித்தோம். கழிமுகத்தைக் காணவில்லை என்று மீனவர்கள் கொடுத்த புகாரை வாங்கவே ஆளில்லை.

காணாமல் போன இடத்தில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் வந்தது. குழாய் உடைந்து உடைந்து சாம்பல் ஆற்றில் படிந்தது. ஆற்றில் அஸ்தி கரைப்பது நம் வழக்கம். ஆற்றின் அஸ்தியை அந்த ஆற்றிலேயே கரைத்தது எண்ணூரில்தான். கை நுழைத்து இறால் பிடித்தவர்களின் விரலில் சிமெண்டுபோல் சாம்பல் ஏறியது. அதற்கும் மேல் 2023 மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்து கழிமுகத்தை மூடியது. அதை யார் அள்ளினார்கள் தெரியுமா? மீனவர்கள். வாளியால், குளியலறை மக்கால், பல நாள் வெறுங்கையால். கப்பலில் எண்ணெய் கொண்டுவரத் தெரிந்த நாட்டுக்குக் கொட்டிய எண்ணெயை அள்ள மக்குதான் கிடைத்தது. எண்ணெயில் தோய்ந்த கூழைக்கடாக்களின் படம் பத்திரிகைகளில் வந்தது. பறவைக்காகப் பலர் கண்ணீர் விட்டார்கள். நல்ல விஷயம். படத்தின் ஓரத்தில் கறுத்த கையோடு நின்ற மனிதனை வெட்டிவிட்டுத்தான் ஃபார்வர்டு செய்தார்கள்.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் பிப்ரவரி 2ஆம் தேதி எந்த நட்சத்திர ஓட்டலுக்காவது போய்ப் பார்க்கலாம். உலகச் சதுப்புநில நாள். பின்திரையில் பூநாரை. குளிரூட்டிய அறையில் புவி வெப்பம் பற்றி நாலு பவர்பாயிண்ட். 2004 சுனாமியில் பிச்சாவரம் அலையாத்திக் காடு பின்னால் இருந்த கிராமங்களைக் காத்த கதை எல்லா வருஷமும் வரும். உண்மைக் கதைதான். கடலூர்க் கரையில் அடர்ந்த மரங்கள் முன்னால் நின்ற இடங்களில் சேதம் குறைவு என்று பிறகு வந்த ஆய்வுகளும் சொல்லின. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று பேர் வைத்தவன் பவர்பாயிண்ட் போடாமலே அதைக் கண்டுபிடித்திருந்தான் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கடைசியில் எல்லோருக்கும் ஒரு துணிப்பை, ஒரு செடி. செடியை வைக்க இடம் கேட்டால் சிரிப்பார்கள்.

ராம்சார் பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகியும் பள்ளிக்கரணையின் எல்லையைத் தரையில் அளந்து முடித்திருக்கவில்லை. நில அளவையர் இல்லாத மாநிலமா இது? உங்கள் வீட்டுப் படி தெருவில் அரை அடி நீண்டால் அடுத்த நாளே டேப்போடு வருகிறார்களே. அளக்காமல் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எல்லை எங்கே என்று தெரியாதவரை எந்தக் கட்டடமும் எல்லைக்குள் இல்லை. 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு, ஆய்வு முடியும்வரை ராம்சார் பகுதியிலும் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் கட்டட அனுமதி தராதீர்கள் என்றது. உடனே எழுந்த ஒப்பாரியைக் கேட்டிருக்க வேண்டும். வீடு வாங்கக் காத்திருக்கும் நடுத்தர வர்க்கம் பாழாய்ப் போகிறதாம். எங்கள்மேல் இவர்களுக்கு இத்தனை பாசம் இருந்தது டிசம்பர்களில் தெரியவில்லை, போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்தது.

வருவாய்த் துறையின் பழைய ஏடுகளில் இப்படிப்பட்ட இடங்களுக்குப் பெயர் புறம்போக்கு. வரி போட முடியாத, எல்லோருக்கும் பொதுவான நிலம். அந்தச் சொல்லை வசவாக மாற்றிய சமூகம் நாம். இப்போது அந்த வசவு யாருக்குப் பொருந்தும் என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்கும் பத்திரம் இருக்கிறது.

ஆகவே தென்சென்னையில் வீடு பார்க்கும் அன்பருக்கு ஒரு வார்த்தை. விளம்பரத்தில் லேக், மார்ஷ், வாட்டர் என்ற சொல் இருந்தால் அதை எச்சரிக்கைப் பலகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றிதழோடு நிறுத்தாதீர்கள், அது மனிதன் போட்ட வில்லங்கத்தை மட்டும் சொல்லும். கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். சர்வே எண்ணுக்கு எதிரே ஏரி, தாங்கல், ஓடை, கழுவெளி என்று இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். பக்கத்துத் தெருச் சுவரில் பழைய தண்ணீர்க் கோடு எத்தனையாவது அடியில் இருக்கிறது என்று பாருங்கள், புது பெயிண்ட் அடித்திருந்தால் இஸ்திரி போடுபவரைக் கேளுங்கள். புரோக்கர் உங்களைச் சித்திரையில்தான் கூப்பிடுவார். போகாதீர்கள். ஐப்பசியில் வருகிறேன் என்று சொல்லுங்கள்.